கடலில் அது எங்கே உட்காரும்?

இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே பறந்த சத்தத்தில் ஒரு மனிதர் ஜீப்புக்கு அடியில் புகுந்தாரே, அந்த நொடியில்தான் மிரண்டு வருகிறவர்களுக்கென்று ஒரு காட்டு நடை என்ற யோசனை எனக்கு வந்தது.

பெரிய இருவாச்சியின் இறக்கைச் சத்தத்தை நீங்கள் இருவரும் இன்னும் கேட்டிருக்க மாட்டீர்கள். பறவை என்று தோன்றவே தோன்றாது. எங்கோ ரயில் இன்ஜின் மூச்சு விடுவதுபோல ஆரம்பித்து, பக்கத்தில் வரும்போது காற்றைக் கிழிக்கிற மாதிரி ஆகிவிடும். அந்த விருந்தினர் வளைகுடாவில் கணக்கு வேலை பார்ப்பவர். அங்கே சண்டை மூண்டு விமான நிலையம் மூடிக் கிடக்க, திறந்ததும் கிடைத்த விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தவர். மனைவி அவரை இங்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். காட்டோரம் ஜீப்பை நிறுத்தி இறங்கியதிலிருந்து எல்லோரும் போனில் புகை எழும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம். அவர் குனிந்து, தவழ்ந்து, ஜீப்புக்கு அடியில் சக்கரத்தை ஒட்டித் தலையைப் பொத்திக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் மேலே கை காட்டினேன். மஞ்சள் அலகோடு அது நிதானமாக மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார், ஒரு பறவைக்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று.

சொன்னேன். மற்ற பறவைகளுக்குப் பெரிய இறகுகளின் அடியை மூடிக்கொண்டு சின்னச் சின்ன இறகுகள் இருக்கும், இருவாச்சிக்கு அவை இல்லை, காற்று இடுக்கில் புகுந்து போகிறது என்று. அதோடு விடவில்லை அவர். அப்படியானால் அதற்குப் பறக்கக் கஷ்டமில்லையா? பதுங்கி வர முடியாதே, என்ன தின்னும்? பழமா? பழம் ஓடாது, சரி. அன்று காலை முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். போன் சட்டைப்பையிலேயே கிடந்தது. திரும்பும்போது, "இன்னைக்குக் காலையில நான் அந்த ஊர்ல இல்லம்மா" என்றார்.

நான் ஓய்வு பெற்றுப் போகிறவள் இல்லை. வயது இருபத்தெட்டு. ஆனாலும் வரும் வாரம் என் இடத்துக்கு நீங்கள் இருவரும் வழிகாட்டிகளாக வருகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். வழிகள், அட்டைக்கடி, யானை நின்றால் என்ன செய்வது, இதெல்லாம் ஜீப் ஓட்டும் பாண்டி அண்ணன் சொல்லித் தருவார். நான் எழுதுவது, உலகம் தலைகீழாகக் கிடக்கும் நாளில் நம்மிடம் வந்து நிற்பவர்களை என்ன செய்வது என்பதைப் பற்றி. அவர்கள் வருவார்கள். நம் சக்குபள்ளம் விடுதிக்கு இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் குளிரைப் பார்க்க வரவில்லை, செய்தியிலிருந்து தப்பித்து வருகிறார்கள்.

யோசனை வந்ததும் நான் முதலில் செய்தது அவசரம். காடு என்றால் அமைதி, அமைதி என்றால் ஆறுதல் என்று கூட்டிக் கழித்து, மௌன நடை என்று ஒன்று ஆரம்பித்தேன். பாறையில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். ஒரு பெண்மணி நடுவில் எழுந்து போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். கண்ணை மூடினால் டிவியில் பார்த்ததெல்லாம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது என்றார். பாண்டி அண்ணனுக்கு அது போதாதா? "ஏம்மா பவானி, ஏலப்பாறை லயத்துல இருந்து சாமியாரு ஒண்ணு கிளம்பியிருக்குன்னு போர்டு எழுதி மாட்டிரட்டா?" என்று ஒரு வாரம் ஓட்டினார். தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு வாய் கொஞ்சம் அதிகம். நானும் அந்த லயத்து வரிசை வீடுகளில்தான் வளர்ந்தேன், பதில் கொடுத்தேன். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

அந்தக் கணக்கு வேலைக்காரருக்கு அமைதியா கிடைத்தது? இல்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு கேள்வி. பயந்துபோன மனசைச் சும்மா இரு என்று சொன்னால் அது இன்னும் குதிக்கிறது. அதன் கையில் எதையாவது கொடுக்க வேண்டும், புரட்டிப் பார்க்க. அப்படித்தான் கேள்வி நடை வந்தது. ஒவ்வொருவரும் வழியில் ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும், திரும்புவதற்குள் பதிலைத் தேட வேண்டும், அவ்வளவுதான். போன்களை வாங்கிக் ஏலக்காய் எடுக்கும் துணிப்பையில் போட்டு ஜீப்பில் வைத்துவிடுவோம். அதிலும் நான் ஒரு சாமர்த்தியம் செய்திருந்தேன். ரேஞ்சே கிடைக்காத பள்ளத்தில் ஜீப்பை நிறுத்தி, அங்கிருந்து ஏலக்காட்டுக்குள் நடையைத் தொடங்குவோம். யாருக்கும் திரும்பி ஓட ஆசை வரக்கூடாது என்று. இந்த ஏற்பாட்டை எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு ஐப்பசிக் காலை வரைக்கும்.

அன்று வந்த கூட்டத்தில் சமவெளியில் கணவாய் ஓரத்து ஊரான பெருமாட்டியிலிருந்து ஒரு தம்பதி இருந்தார்கள். தென்னையும் நெல்லும் போடும் குடும்பம். கணவர் நாச்சிமுத்து, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பார். மனைவி சரஸ்வதி அம்மா, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். போனைப் பையில் போடச் சொன்னதும் இருவரும் மறுபேச்சு இல்லாமல் போட்டார்கள். கணவர் தன் போனை ஒருமுறை எடுத்துப் பார்த்து, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு மறுபடி போட்டதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏலப் பூவைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். பூ மேலே இருக்காது. செடியின் தூரடியில், தரையோடு தவழும் கொத்தில் வெள்ளையாக, உதட்டில் ஊதாக் கோடுகளோடு இருக்கும். பருவத்தின் கடைசிப் பூக்கள் அவை. எல்லோரும் குனிந்து அந்தக் கோடு எதற்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேனீக்கு வழிகாட்ட என்று ஒருவர், அழகுக்கு என்று ஒருவர். சரஸ்வதி அம்மாவும் குனிந்தார். குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூவைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து அய்யா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார். "அந்தப் பை எங்கீங்க அம்மிணி?"

ஜீப்பில் இருக்கிறது என்றேன்.

"நம்ம கூடவே வருமின்னு நெனச்சனுங்க."

பிறகுதான் சொன்னார். அவர்களுடைய ஒரே மகன் கௌதம், சரக்குக் கப்பலில் வேலை. சண்டை நடக்கும் கடல் பகுதியை அவனுடைய கப்பல் அந்த வாரம்தான் கடக்கிறது. கடந்து முடிகிறவரை கப்பலில் இணையத்தை நிறுத்திவிட்டார்கள். கடந்ததும், அன்று காலைக்குள், கொஞ்ச நேரம் பேச விடுவார்கள். அழைப்பு வந்தால் மகன் கடந்துவிட்டான். வராவிட்டால் ஒன்றும் தெரியாது. தவறவிட்டாலும் ஒன்றும் தெரியாது. அடுத்து எப்போது பேச விடுவார்கள் என்று அவனுக்கே தெரியாதாம்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான் கேட்டுவிட்டேன். "கெட்டதெல்லாம் வாயில வெக்கறதில்லீங்க. ஊட்டுல டிவி ஓடிக்கிட்டே கெடக்குது, போறவன் வாறவன் எல்லாம் கப்பல் என்னாச்சு கப்பல் என்னாச்சுன்னு கேக்கறான். அதுக்குத்தான் இவளக் கூட்டிக்கிட்டு இங்க வந்தனுங்க" என்றார். வேட்டி மடிப்பை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். போன் கீழே பள்ளத்தில். அங்கே கிடந்தால் அடிக்கவே அடிக்காது. ரேஞ்ச் கிடைக்கும் கிட்டத்து இடம் மேலே, மலை விளிம்பு. அங்கே நின்றால் தமிழ்நாட்டுச் சமவெளி தெரியும், அந்தப் பக்கத்து டவரிலிருந்து சிக்னல் வரும். நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வரலாம். ஆனால் வழிகாட்டி கூட்டத்தை ஏலக்காட்டில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. முந்தின வாரம்தான் அந்தச் சரிவில் காட்டுமாடு நின்றது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, பிறகு மேலே ஏறினால் காலை போய்விடும்.

சரிவில் பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே கம்பம் ஊரிலிருந்து விடியலில் ஜீப்பில் வருகிறவர்கள். ரேஞ்ச் இல்லாத காட்டில் அவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருத்தி கூவுவாள், கீழ்ச்சரிவில் இருப்பவள் அதை வாங்கி அடுத்தவளுக்குக் கூவுவாள். நான் மேலே இருந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து வாயைக் குவித்தார். பாண்டி அண்ணனுக்கு, பையை எடுத்துக்கொண்டு விளிம்புக்கு வா. குரல் ஏலச்செடிகளுக்கு மேலே இறங்கி இறங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு பதில் குரல் ஏறி வந்தது. பாண்டி கிளம்பியாச்சு.

சரஸ்வதி அம்மாவிடம் போய் முன்னால் உட்கார்ந்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லாதீர்கள். நமக்குத் தெரியாது. நான் தெரிந்ததை மட்டும் சொன்னேன்: பை மேலே வருகிறது, அங்கே ரேஞ்ச் இருக்கிறது, ஏற்கெனவே கூப்பிட்டிருந்தால் தவறியிருக்கவும் கூடும், அது போய்ப் பார்த்தால்தான் தெரியும். அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு நடந்தார்.

நாங்கள் விளிம்பை எட்டிக் கொஞ்ச நேரம் கழித்துப் பாண்டி அண்ணன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். ஒரு கையில் போன் பை, மறு கையில் டீ பிளாஸ்க், தோளில் முறுக்கு டின். "எந்தப் பையின்னு சொல்லலயே. அதான் எல்லாத்தையும் தூக்கிட்டு வாரேன்" என்றார். அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

போனில் தவறிய அழைப்பு எதுவும் காட்டவில்லை. பள்ளத்தில் கிடந்த நேரத்தில் வந்திருந்தால் காட்டுமா காட்டாதா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அதைப் பாறைமேல் வைத்தார் நாச்சிமுத்து அய்யா. மற்றவர்களுக்கும் அவரவர் போனைக் கொடுத்துவிட்டேன். ஒருவர் ஆர்வக்கோளாறில் கப்பல் செய்தியைத் தேடி எடுக்க, செய்தி வாசிப்பவரின் குரல் சத்தமாகக் கேட்டது. பாண்டி அண்ணன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து முறுக்கு டின்னை நீட்டினார். போனை வைத்தால்தான் முறுக்கை எடுக்க முடியும். அந்த மனிதருக்குப் புரிந்தது, அணைத்துவிட்டார்.

கேள்வி நடை, ஆறுதல், எல்லாம் அந்தப் பாறைக்கு முன்னால் சின்னதாகத் தெரிந்தது. பிளாஸ்க்கைத் திறந்து எல்லோருக்கும் டீ ஊற்றினேன்.

அப்போது சமவெளிப் பக்கமிருந்து தட்டான்கள் ஏறி வந்தன. முதலில் நாலைந்து. பிறகு நிறைய, மங்கலான பொன் நிறத்தில், காற்றோடு விளிம்பைத் தொட்டு எழும்பி, எங்கள் தலைக்கு மேலே கேரளத்துக்குள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றுகூட உட்காரவில்லை. சரஸ்வதி அம்மா அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அன்று காலை அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"இத்தன தட்டானும் எங்கீங்க போகுது?"

இங்கே இதற்குத் துலாத்தும்பி என்று பெயர், துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், வருவதால், என்றேன். வடகிழக்குக் காற்றோடு வந்து மேற்கே போகும். கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்கே போகிறது என்று ஆராய்ந்தவர்கள் நினைக்கிறார்கள்.

"கடலையா?" அவர் திரும்பி அந்தத் துளியூண்டு உடம்புகளைப் பார்த்தார். "கடல்ல அது எங்கீங்க உக்காரும்?"

"உக்காராதுன்னுதான் சொல்றாங்கம்மா. காத்து தூக்கிட்டுப் போகும். தீவு இருந்தா இறங்கும்."

"கப்பலக் கண்டா உக்காருமுங்களா?"

"தெரியலம்மா" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் அப்படிப் பார்த்த ஞாபகமில்லை.

"தெரியலையா?" என்று கேட்டார். அதில் ஏமாற்றம் இல்லை, ஒரு வியப்பு இருந்தது. பிறகு நாச்சிமுத்து அய்யாவிடம் திரும்பி, உக்காரும், உக்காராம எப்படி அத்தன தூரம் போகும் என்றார். அவர், கப்பல் ஓடிக்கிட்டிருக்குமே, ஓடற வண்டியில பூச்சி உக்காருமா என்றார். ஏன், நம்ம டிராக்டர்ல கொக்கு உக்காரலையா? அது கொக்குடி. பூச்சிக்கு என்ன கொறச்சல்? பாண்டி அண்ணன் சரஸ்வதி அம்மா கட்சி. இறங்கும் இடம் கிடைக்காத பூச்சிக்குக் கப்பல் ஒரு தீவுதானே என்று அவர் வாதம். எனக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. தட்டான்கள் போய்க்கொண்டே இருந்தன. போன் பாறைமேல் கிடந்தது. எல்லோர் காதும் அதில் இருந்தது, கண் மேலே இருந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அது கடக்கக்கூடியதாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பெரிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை.

அடித்தது.

நாச்சிமுத்து அய்யா எடுக்கவில்லை, மனைவியிடம் நீட்டினார். சரஸ்வதி அம்மா காதில் வைத்து, "கண்ணு" என்றார். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடந்துட்டீங்களா? சாப்பிட்டியா? கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு, பேசுவதற்கு இருந்த கொஞ்ச நேரத்தில், நாங்கள் யாரும் எதிர்பார்க்காததைக் கேட்டார்.

"ஏங்கண்ணு, கப்பல்ல தட்டான் வந்து உக்காருதா?"

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. "பாத்துச் சொல்றானாமா" என்றார் எங்களிடம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

அன்றோடு இரண்டு விஷயங்களை மாற்றினேன். பை இப்போது வழிகாட்டியின் தோளில் வரும், ரேஞ்ச் உள்ள வழியிலேயே நடை. கிளம்புவதற்கு முன், இன்றைக்கு யாருடைய அழைப்புக்காவது காத்திருக்கிறீர்களா என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்போம். தனியாக. சபையில் கேட்டால் வாயில் வைக்க மாட்டார்கள். காத்திருப்பவர் போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். உலகத்தை வெளியே பூட்டிவிட்டுத்தான் காட்டுக்குள் போக வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். சரஸ்வதி அம்மா இரண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு நின்றார். நீங்களும் விருந்தினரிடம் எதையும் மறந்துவிடச் சொல்லாதீர்கள். பார்ப்பதற்கு ஒன்றைக் காட்டுங்கள், உங்களுக்கே பதில் தெரியாத ஒன்று என்றால் இன்னும் நல்லது.

கௌதம் இன்னும் கப்பலிலிருந்து இறங்கவில்லை. மாற்றாள் வருவது தள்ளிக்கொண்டே போகிறது, அதே கடலை இன்னொரு முறையும் கடக்க வேண்டியிருக்கிறது. பேச விடும்போதெல்லாம் அம்மாவிடம் அவன் முதலில் சொல்வது தான் என்ன பார்த்தான் என்பதுதானாம். ஒருநாள் களைத்துப்போன ஒரு சின்னப் பறவை நங்கூரச் சங்கிலிப் பக்கம் வந்து உட்கார்ந்ததாம், சமையல்காரர் சோறு வைத்தாராம், தின்னவில்லையாம். தட்டான் இதுவரை வரவில்லை. அதற்கும் சரஸ்வதி அம்மா எனக்குப் போன் போட்டு, "ராத்திரியில வந்துட்டுப் போயிருக்கும், இவன் தூங்கியிருப்பான்" என்றார்.

போன மாதம் கூப்பிட்டபோது வேறு விஷயம். அவர்கள் பக்கத்தில் பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவிலோ கடலிலோ இருக்கிறார்களாம். அந்த வீட்டுப் பெண்கள் சாயங்காலமானால் இவர் வீட்டில் கூடி, டிவி முன்னால் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொள்கிறார்களாம். "இங்க மலையெல்லாம் இல்லீங்க அம்மிணி. தென்னந்தோப்பும் வரப்புந்தான். ஆனா நடக்கறதுக்கு ஆளிருக்குது. நீங்க வந்தா போதும்" என்றார்.

அதனால்தான் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. சமவெளி எனக்குத் தெரியாது. அங்கே ஒளிந்துகொள்ளப் பள்ளமில்லை, எங்கே நின்றாலும் முழு ரேஞ்ச், செய்தி வந்துகொண்டே இருக்கும். வருகிறவர்கள் நாலு நாள் காற்று வாங்க வந்த விருந்தினர்களும் இல்லை, காத்திருத்தல் அவர்களுக்கு அன்றாட வேலை. இந்த நடை அங்கே எடுபடுமா என்று தெரியவில்லை. ஆனால் சரஸ்வதி அம்மா முதல் கேள்வியை இப்போதே எடுத்து வைத்துவிட்டார். மழைக்காலத்தில் மேற்கேயிருந்து மேல்காற்று, தை பிறந்தால் கிழக்கேயிருந்து பேய்க்காற்று என்று கணவாய் வழியே மாறி மாறி அடிக்கிற ஊரில், தூக்கணாங்குருவி எந்தப் பக்கம் பார்த்துக் கூடு கட்டும்? மழைக்காற்றுக்கு மறைவான பக்கத்தில் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெருமாட்டிப் பனைகளில் எப்படி என்று எனக்குத் தெரியாது.

மழை பிடித்ததும், கிணற்றடிப் பனையிலிருந்து தொடங்குவதாக இருக்கிறோம். இப்போதைக்கு ஐந்து பெண்கள். ஐந்து போன்களும் கையில், சத்தம் முழுசாக வைத்து. யாருடைய போன் அடித்தாலும் எல்லோரும் அப்படியே நிற்பது. அவர் பேசி முடித்த பிறகு, அடுத்த பனை.